குறுணலில் இருந்து பாணி: யாழ்ப்பாணத்து நெல் ஆலைக் கழிவை இனிப்பாக்கத் தொடங்குவோருக்கு

காலபோக அறுவடை முடிந்து தை, மாசி மாதங்களில் நெல் ஆலைகள் ஓயாமல் ஓடும்போது, ஆலையின் பின்பக்கத்தில் மூன்று பொருள்கள் சேரும். உமி ஒன்று, தவிடு இன்னொன்று, குறுணல் மூன்றாவது. 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 20 கிலோ உமியாகவும் 8 முதல் 10 கிலோ வரை தவிடாகவும் போய்விடும். மிஞ்சுவது அரிசி. அந்த அரிசியிலும் உடைந்தது அரிதட்டில் ஒதுங்கி, கோழிக்கும் மாட்டுக்கும் என்று மலிந்த விலைக்குப் போகிறது. அரிசிமா இடிக்கிற இடங்களில் மிஞ்சும் கப்பியின் கதையும் இதுதான்.

நமக்கு வேண்டிய சீனியில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. வடக்கில் சீனி ஆலை ஒன்றும் இல்லை. பனை தருகிற கருப்பனியும் பனங்கட்டியும் ஒரு பருவத்துக்கும் ஏறுகிற கைகளுக்கும் கட்டுப்பட்டவை. குறுணலோ வருடம் முழுவதும் சாக்கில் கிடக்கிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு மாப்பொருள். அந்த மாப்பொருளை இனிப்பாக மாற்றத் தேவையான நொதியமும் கடையில் வாங்கும் மருந்தல்ல. முளைவிட்ட குரக்கனுக்குள் அது இருக்கிறது. இந்த வேலையை வீட்டுக் குசினியில், ஒரு கிலோ குறுணலில் தொடங்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதை எடுப்பது, எதை விடுவது

புதிதாக வருகிற பலர் முதலில் கேட்பது உமியைப் பற்றித்தான். கண்ணில் படுகிற பெரிய குவியல் அதுதான் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானது. உமியிலும் செலுலோசு இருக்கிறது, செலுலோசும் குளுக்கோசால் ஆனதுதான். ஆனால் உமியின் செலுலோசை இலிக்னின் என்ற கடினமான பொருள் இறுக்கிப் பிடித்திருக்கும். போதாததற்கு சிலிக்கா வேறு. அதைத் திறக்க அழுத்தக் கலனும் அமிலமோ காரமோ வேண்டும், அதற்குப் பிறகு செலுலேசு என்ற நொதியமும் வேண்டும். இன்று தொழிற்சாலைகளில் அந்த நொதியத்தைத் தருகிற ஒரு பூஞ்சணம், இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை உக்கவைத்ததால் அகப்பட்டது. நம்முடையதைப் போன்ற ஈரவெக்கைத் தீவில் கூடாரத்தைத் தின்ற பூஞ்சணத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் வேலைக்கு வைத்துவிட்டார்கள். அந்த முயற்சியில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. என்றாலும் அது குசினி வேலை அல்ல. உமியை இனிப்பாக்க நினைக்காதீர்கள். அதற்கு இந்த வேலையிலேயே வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன, பின்னால் வரும்.

தவிட்டிலும் கொஞ்சம் மாப்பொருள் உண்டு. ஆனால் அதில் எண்ணெயும் இருப்பதால் ஆலையை விட்டு வந்த சில மணித்தியாலங்களிலேயே காறத் தொடங்கும். பழைய வகை ஆலைகளில் தவிட்டோடு உமித்தூளும் கலந்துவிடும். தவிட்டை மாட்டுக்கே விட்டுவிடுங்கள்.

ஆக, எடுக்கவேண்டியவை குறுணல், நொய், சுத்தமான கப்பி. பச்சையரிசிக் குறுணல் முதல் முயற்சிக்கு மிக நல்லது. புழுக்கும்போது நெல்லின் வெடிப்புகள் ஒட்டிக்கொள்வதால் புழுங்கலில் உடைவு குறைவு, குறுணலும் இறுக்கமாக இருக்கும். அதையும் பயன்படுத்தலாம், ஊறவைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியின் குறுணல் என்றால் பாணி கருஞ்சிவப்பாக, மெல்லிய துவர்ப்போடு வரும். எனக்கு அது பிடிக்கும். பலகாரத்துக்கு வெளிறிய பாணி வேண்டும் என்பவர்கள் வெள்ளையரிசியை எடுக்கலாம்.

வாங்கும்போது கையை சாக்கின் அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள். பூஞ்சண மணமோ, ஈரமோ, பச்சை அல்லது கறுப்புப் புள்ளிகளோ இருந்தால் அந்தச் சாக்கு வேண்டாம். பூஞ்சணம் விடுகிற அஃபிளாற்றொட்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை இந்த இடத்தில் முழுமையாகக் கைவிடுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

மாப்பொருள் என்பது குளுக்கோசு மணிகளைக் கோத்த நீண்ட மாலை. மாலையாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிக்கத் தொடங்குவது உமிழ்நீரில் உள்ள அமிலேசு அந்த மாலையை அறுப்பதால்தான். விதை முளைக்கும்போதும் இதுவே நடக்கிறது. இளம் முளைக்குச் சாப்பாடு கொடுப்பதற்காக விதை தன் மாப்பொருளைத் தானே அறுக்கும் நொதியங்களை உண்டாக்குகிறது. அல்பா அமிலேசு மாலையை நடுவில் கண்டபடி வெட்டும். பீற்றா அமிலேசு நுனியில் இருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். அந்த இரண்டு மணிதான் மோல்ற்றோசு. நமக்கு வரப்போகும் பாணியின் இனிப்பில் பெரும்பங்கு அதுவே.

பிரான்சில் பேயன், பெர்சோ என்ற இருவர் 1833ல் முளைவிட்ட பார்லியில் இருந்து இந்த நொதியத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பே, 1811ல், சென் பீட்டர்ஸ்பேர்க்கில் கிர்ச்சொவ் என்பவர் மாப்பொருளை அமிலத்தோடு கொதிக்கவைத்து இனிப்பாக்கிக் காட்டியிருந்தார். அமில வழி விரைவானது என்று எங்காவது படித்துவிட்டு அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கடையில் கிடைக்கும் அமிலம் உணவுக்கானது அல்ல, கொதிக்கிற அமிலத்தின் ஆவி கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு. சீனாவிலும் கொரியாவிலும் யப்பானிலும் முளைதானியத்தால் அரிசியை இனிப்பாக்கி நூற்றாண்டுக் கணக்கில் பாணி காய்ச்சி வருகிறார்கள். நாம் போகவேண்டிய வழியும் அதுதான்.

முதல் வேலை: குரக்கனை முளைக்கவைத்தல்

பாணி காய்ச்ச நினைக்கும் நாளுக்கு ஐந்தாறு நாள் முன்பே இதைத் தொடங்கவேண்டும். ஒரு கிலோ குறுணலுக்குக் கால் கிலோ குரக்கன் போதும்.

பார்லி முளைக்கக் குளிர் வேண்டும். நம்முடைய 30 பாகை வெக்கை அதற்கு ஒத்துவராது. கடையில் நோயாளிக்குக் கஞ்சி வைக்க வாங்குகிற பார்லி தோல் நீக்கியது, முளைக்கவே முளைக்காது. குரக்கனுக்கு நம்முடைய வெக்கைதான் பிடிக்கும். சிறுதானியங்களுக்குள் அமிலேசு நன்றாக உண்டாவதும் அதில்தான். திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளில் முழுக் குரக்கனாகக் கேட்டு வாங்குங்கள். விதைக் கடையில் நடுவதற்கு விற்கும் விதையை ஒருபோதும் எடுக்காதீர்கள், அதில் பூஞ்சணக்கொல்லி பூசியிருக்கலாம். இறுங்கு என்ற தானியத்தையும் முதல் முயற்சியில் தவிர்த்துவிடுங்கள். அதன் இளம் முளையில் சயனைட்டு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

வாங்கிய குரக்கனில் நூறு மணியை எண்ணி, நனைத்த துணியில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். எண்பத்தைந்துக்கு மேல் முளைத்தால் அந்தக் குரக்கன் நல்லது. பாதிதான் முளைக்கிறது என்றால் வேறு கடை பாருங்கள். முளைக்காத மணி நொதியம் தராது என்பது மட்டுமல்ல, ஈரத்தில் கிடந்து பூஞ்சணமும் பிடிக்கும்.

நல்ல குரக்கனைக் கல் போக அரித்து, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தரம் கழுவி, இரவு ஊறப்போடுங்கள். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றவேண்டும். காலையில் வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் கட்டி, நிழலில் ஓர் ஓலைப்பெட்டிக்குள் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, பொட்டலத்தை அவிழ்த்து ஒருமுறை கிளறிக் கட்டவேண்டும். முளைக்கிற தானியம் மூச்சுவிடும், சூடாகும். கிளறாவிட்டால் நடு வெந்து புளித்துவிடும். பொட்டலத்துக்குள் கையை விட்டால் வெளியை விட இளஞ்சூடு தெரியும், வெள்ளரிக்காயை வெட்டினால் வரும் பச்சை மணம் வரும். அந்த மணம் இருக்கும்வரை பயமில்லை. புளிப்பு மணமோ பூஞ்சண மணமோ வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள், பாதியைப் பொறுக்கிக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

இரண்டரை நாளில் இருந்து மூன்று நாளுக்குள் வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். அப்போது எடுத்து ஓலைப்பாயில் மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் போதும். உச்சி வெயிலில் தகரத்தின் மேல் காயவைத்தால் சூடு ஏறி நொதியம் கெடும். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்தால் வேர் உதிரும், சுளகில் புடைத்துவிடலாம். பிறகு மிக்சியில் ரவைபோல அரைத்து வையுங்கள்.

இங்கேதான் நம்முடைய பழக்கம் குறுக்கே வரும். குரக்கன் மாவுக்குத் தானியத்தை வறுத்து அரைப்பது பல வீடுகளில் வழக்கம், வறுத்தால்தான் மணம். இந்த வேலைக்கு வறுக்கவே கூடாது. வறுத்த முளைக்குரக்கனில் மணம் இருக்கும், நொதியம் இருக்காது.

குரக்கன் கிடைக்காவிட்டால் முளைநெல்லும் உதவும். விதைப்புக்கு நெல்லை ஊறவைத்து முளைகட்டும் விதம் ஒவ்வொரு கமக்காரருக்கும் தெரியும். அதையே இன்னும் இரண்டு நாள் நீட்டவேண்டும். வலு குறைவு என்பதால் அளவை இரட்டிப்பாக்குங்கள்.

தண்ணீர்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய ஏழு லீற்றர் தண்ணீரில் தொடங்கி முக்கால் கிலோ பாணியில் முடிக்கப்போகிறோம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பெல்லாம் எட்டு, ஒன்பது மடங்கு செறிந்து போத்தலுக்குள் வந்துவிடும். தீவகத்திலும் கரையோரத்திலும் கிணறுகள் சவர். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பது ஆய்வுகளில் பலமுறை பதிவானது. குடிக்கும்போது நாக்குக்குத் தெரியாத நைத்திரேற்று கொதிக்கவைத்தாலும் போகாது. அதனால் சுத்தமாகப் பிடித்த மழைநீரோ, வடிகட்டி விற்கிற குடிநீரோ எடுங்கள்.

நல்ல கிணறுதான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல், தண்ணீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, கலவையைக் காரப் பக்கம் இழுக்கும். நமது நொதியத்துக்கு மெல்லிய புளிப்புத்தான் வேண்டும். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பீஎச் பெறுமானம் 5.2 முதல் 5.6 வரை இருந்தால் நல்லது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் எடுத்தால் காரம் பெருமளவு போய்விடும். பிறகு, காய்ச்சும் நாளில் கஞ்சியில் முளைமாவைக் கலந்ததும், ஒரு நடுத்தரத் தேசிக்காயின் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பீஎச் தாளில் பாருங்கள். கருப்பனி புளிக்காமல் இருக்க முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் யாராவது சுண்ணாம்பு போட்டால் வேலை நின்றுவிடும்.

காய்ச்சும் நாள்

குறுணலைச் சுளகில் புடைத்து, கல்லும் நெல்லும் பொறுக்கி, கழுவி, இரண்டு மணித்தியாலம் ஊறவையுங்கள். பெரிய பானையில் ஐந்து லீற்றர் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள்.

அரிசியின் மாப்பொருள் 65 பாகையில் இருந்து 80 பாகைக்குள்தான் வீங்கித் திறக்கும். திறக்காத மாப்பொருளை நொதியம் தொடாது. அதனால் கட்டாயம் வேகவேண்டும். ஆனால் வேகிற குறுணல் பசையாக இறுகி அடிப்பிடிக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் 65 பாகையை எட்டும்போது முளைக்குரக்கன் மாவில் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டுக் கலக்குங்கள். தணலைக் குறைத்து 70 பாகை தாண்டாமல் ஒரு கால் மணித்தியாலம் பிடியுங்கள். பிறகு கொதிக்கவிடுங்கள். இந்தச் சிறு பங்கு கொதியில் செத்துவிடும், ஆனால் சாகுமுன் கஞ்சியை இளக்கிவிடும். அகப்பை சிரமமின்றி ஓடும். இதைச் செய்யாமல் பிசினோடு மல்லுக்கட்டி, கை சலித்து இந்த வேலையையே விட்டவர்கள் உண்டு. அரை மணித்தியாலம், புழுங்கல் என்றால் முக்கால் மணித்தியாலம், மணி முழுவதும் கரையும்வரை வேகட்டும்.

பிறகு இறக்கி 65 பாகைக்கு ஆறவிடுங்கள். மிச்சமுள்ள முளைமாவை அரை லீற்றர் சாதாரணத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கினால் முழுவதும் 61, 62 பாகைக்கு வந்து நிற்கும். அதுதான் வேண்டிய சூடு. 70ஐத் தாண்டினால் பீற்றா அமிலேசு விரைவில் அழியும், மோல்ற்றோசு குறையும். 50க்குக் கீழே போனால் புளிக்கவைக்கும் பற்றீரியாக்களுக்குக் கொண்டாட்டம். தேசிக்காய்ச் சாறும் பீஎச் தாளும் இந்தக் கட்டத்தில்தான்.

வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய முயலாதீர்கள். விரலை விட்டுப் பார்க்கிற சூடு ஆளுக்காள் வேறுபடும். வாங்கிய வெப்பமானி சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று: கொதிக்கிற தண்ணீரும் 30 பாகைத் தண்ணீரும் சம அளவு கலந்தால் 65 பாகைக்குச் சற்றுக் குறைவாகக் காட்டவேண்டும். அந்தக் குறைவு பாத்திரம் உறிஞ்சிய சூடு.

இனி அந்தச் சூட்டை நாலைந்து மணித்தியாலம் பிடித்து வைக்கவேண்டும். உமிக்கு முதல் வேலை இங்கே. ஒரு பெரிய கடகத்திலோ மரப்பெட்டியிலோ காய்ந்த உமியை நாலு விரற்கடை உயரத்துக்குக் கொட்டி, மூடிய பானையை அதில் இருத்தி, சுற்றிலும் ஒரு சாண் தடிப்புக்கு உமியை நிரப்புங்கள். மூடியின் மேல் உமி அடைத்த சின்னச் சாக்கு ஒன்றை வையுங்கள். உமி சூட்டைக் கடத்தாது. மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டி செய்கிற வேலையை இது காசில்லாமல் செய்யும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திறந்து கலக்கிச் சூட்டைப் பாருங்கள். 55க்கு இறங்கியிருந்தால் அடுப்பில் வைத்து, கலக்கியபடியே 60க்கு ஏற்றி, மறுபடி பெட்டிக்குள் வையுங்கள்.

மாறிவிட்டதா என்று பார்ப்பது

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எல்லோருக்கும் அயடீன் சோதனை நினைவிருக்கும். மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கிற பொவிடோன் அயடீன் போதும். ஒரு துளிக்கு ஐந்து துளி தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் கலவையின் தெளிந்த நீரை ஒரு துளி விட்டு, அது ஆறியபின் அயடீனைத் தொடவையுங்கள். சூடாக இருந்தால் நிறம் தெரியாமல் ஏமாற்றிவிடும்.

கருநீலம் என்றால் மாப்பொருள் இன்னும் இருக்கிறது. ஊதாவும் செம்பழுப்பும் பாதி வழி. அயடீனின் சொந்த மஞ்சள் நிறமே மாறாமல் நின்றால் அறுக்கவேண்டியது அறுபட்டுவிட்டது. முதல் முறை அரை மணித்தியாலத்துக்கு ஒரு துளி என்று தட்டில் வரிசையாக விட்டுப் பாருங்கள். கருநீலத்தில் தொடங்கி மஞ்சளில் முடிகிற அந்த வரிசையைக் கண்ணால் கண்டவர்கள் இந்த வேலையை விடமாட்டார்கள். சோதித்த துளிகளைப் பானைக்குள் திரும்ப விடாதீர்கள். மஞ்சள் வந்த பிறகும் ஒரு மணித்தியாலம் பெட்டியில் விட்டால் இனிப்பு இன்னும் கூடும்.

ஐந்து மணித்தியாலம் போயும் கருநீலம் மாறவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: முளைமாவு சூட்டில் கெட்டது, ஊற்றும்போது கஞ்சி 70க்கு மேல் இருந்தது, அல்லது தண்ணீரின் காரம் போகவில்லை. பீஎச் பார்த்துச் சரிசெய்து, 60 பாகையில் புது முளைமாவு ஒரு பிடி போட்டால் அநேகமாகக் காப்பாற்றலாம்.

வடித்தலும் வற்றவைத்தலும்

பழைய பருத்தி வேட்டித்துணியை இரண்டாக மடித்து, சூடு ஆறுமுன் வடியுங்கள். முதலில் தானாக வடியவிட்டு, கடைசியில்தான் பிழியவேண்டும். தொடக்கத்திலேயே பிழிந்தால் துணிக்கண் அடைபடும். சக்கையில் ஒரு லீற்றர் சுடுதண்ணீர் ஊற்றி இன்னொருமுறை பிழிந்தால், தங்கிய இனிப்பும் வந்துவிடும்.

வடித்த நீரை வாயகன்ற தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுங்கள். கொதி வந்ததும் நொதியத்தின் வேலை முடிந்தது. முதல் கொதியில் அழுக்கு நுரையாக எழும், அகப்பையால் எடுத்து ஊற்றிவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் எரிபொருளைக் கணக்குப் பார்க்கவேண்டும். ஐந்தாறு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க வீட்டு அடுப்பில் அரைக் கிலோவுக்கு மேல் காஸ் போகும். முக்கால் கிலோ பாணிக்கு அந்தச் செலவு கட்டாது. முற்றத்தில் கல்லடுப்பு மூட்டிப் பனையின் ஊமலும் கொக்கறையும் எரியுங்கள், அல்லது மரத்தூள் அடுப்பைப்போல தகரத்தில் உமியை இறுக்கி நடுவில் துளை விட்டு எரியுங்கள். உமியின் இரண்டாவது வேலை இது. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். சாம்பலை அள்ளும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடுங்கள், அதில் உள்ள சிலிக்காத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

கால் பங்காக வற்றியதும் தணலைக் குறைத்து, கிளறுவதை நிறுத்தாதீர்கள். குமிழிகள் சின்னதாகக் கொதித்த நிலை மாறி, பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கும். அகப்பையைத் தூக்கினால் கடைசித் துளி உடனே விழாமல் நூலாக இழுக்கும். அதில் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் பரவாமல் அடியில் போய் இருக்கவேண்டும். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் தராசு இருக்கிறது. ஆறிய பாணியை 500 மில்லிலீற்றர் அளவுப் பாத்திரத்தில் நிரப்பி, பாத்திரத்தின் நிறையைக் கழித்தால் 700 கிராம் அளவில் வரவேண்டும். 670க்குக் கீழே என்றால் இன்னும் தண்ணீர் அதிகம், வைத்திருந்தால் புளிக்கும், திரும்பக் காய்ச்சுங்கள்.

கொதிநீரில் அவித்து உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் சூடாகவே ஊற்றி இறுக மூடுங்கள். ஈரக் கரண்டி போடக்கூடாது. திறந்த போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஒரு கிலோ குறுணலுக்கு முக்கால் கிலோ பாணி எடுத்தால் கைப்பழக்கம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். முதல் தடவை அரைக் கிலோவோடு நிற்கும், துணியிலும் தாச்சியிலும் ஒட்டிப் போவதுதான் மிச்சம்.

இந்தப் பாணியை எங்கே பாவிப்பது

சீனியைப் போல இது இனிக்காது. மோல்ற்றோசின் இனிப்பு சீனியின் பாதிக்கும் குறைவு. தேநீரில் சீனிக்குப் பதிலாக ஊற்றிப் பார்த்து ஏமாற வேண்டாம். இதன் பலம் வேறு இடத்தில். சீனிப்பாகில் ஐந்தில் ஒரு பங்கு இதைச் சேர்த்தால் பாகு பூத்துச் சீனி மணியாக உறையாது. எள்ளுருண்டை நொறுங்காமல் சேர்ந்து நிற்கும், பயற்றம் பணியாரத்தின் உள்ளீடு உலராது, ரொபி இழுபடும். பாண் மாவில் ஒரு கரண்டி விட்டால் ஈஸ்ட் துடிப்பாக வேலை செய்யும், மேற்தோல் நல்ல நிறம் பிடிக்கும். பனங்கட்டியோடு சேர்த்துக் காய்ச்சினால் வரும் மணத்தைச் சொல்லில் எழுத முடியவில்லை, செய்து பாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இதை நல்ல இனிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இனிப்புக் குறைவாகத் தெரிந்தாலும் மோல்ற்றோசு இரத்தத்தில் குளுக்கோசைச் சீனியை விட விரைவாக ஏற்றும். விற்கிறவர்கள் இதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடவேண்டும் என்பது என் கருத்து.

பிழிந்த சக்கையில் மாப்பொருள் போய்ப் புரதம் செறிந்து நிற்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் அன்றைக்கே, வழக்கமான தீனோடு கலந்து, கொஞ்சமாகக் கொடுங்கள். மறுநாள் வைத்தால் புளித்துவிடும். ஆக, குறுணலைக் கோழிக்குக் கொடுக்காமல் பறிக்கிறோம் என்ற கவலை வேண்டாம், அதன் பங்கு அதற்குப் போகிறது.

தண்ணீராக இருக்கும்போது விட்டுவிட்டால் இது நுரைத்து மதுசாரமாகும். அனுமதியில்லாமல் மதுசாரம் உண்டாக்குவது நம் நாட்டில் மதுவரிச் சட்டப்படி குற்றம். வினாகிரி போட நினைப்பவர்களும் முதலில் மதுவரித் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். பாணியை விற்பதென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, இடத்தையும் லேபலையும் காட்டித் தொடங்குங்கள். 1980ம் ஆண்டின் 26ம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கேட்பார்கள்.

ஒரு கிலோவில் கை பழகி, பத்து இருபது கிலோவுக்குப் போக விரும்புகிறவர்கள் உணவுத் தரமுள்ள நொதியத்தை வாங்கலாம். சூடு தாங்கும் அல்பா அமிலேசு 90 பாகைக்கு மேலும் வேலை செய்யும், கஞ்சி ஒரு மணித்தியாலத்தில் தண்ணீராகும். அதன் பின் பீஎச் பெறுமானத்தை 4.5க்கு இறக்கி, 60 பாகையில் குளுக்கோஅமிலேசு போட்டு ஒன்றிரண்டு நாள் வைத்தால் ஏறக்குறைய முழுவதும் குளுக்கோசாகிவிடும். அது மோல்ற்றோசை விட நன்றாக இனிக்கும், ஆனால் முளைக்குரக்கன் தருகிற மணமும் நிறமும் அதில் இராது. தூளாக வரும் நொதியத்தை அளக்கும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூசு மூச்சில் போனால் இழுப்பு வரக்கூடும். எந்த வழியானாலும் ஒரு கொப்பியில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் குறுணல் எந்த ஆலை, என்ன அரிசி, முளைமாவு எவ்வளவு, கலந்தபின் சூடு, பீஎச், அயடீன் மஞ்சளான நேரம், கடைசியில் வந்த நிறை என்று எழுதி வையுங்கள். அடுத்த சாக்கு வாங்கும்போது எந்த ஆலைக்குப் போவது என்பதை அந்தக் கொப்பியே சொல்லும்.